களி கிண்டும் கையை எப்படி வரைவது? வாசகர் கேள்வி – பதில்

வீட்டு வேலையில் இருப்பவர்களை அப்படியே வண்ணத்தில் வரைவது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

அம்மா அடுப்படியில் கேழ்வரகுக் களி கிண்டுவதை ஆயில் கலரில் வரைய ஆசை. 18 × 24 அங்குல கேன்வாஸ் வாங்கி வைத்திருக்கிறேன். முகம் முக்கியமா, வேலை முக்கியமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், பாலக்கோடு

களி கிண்டுவதில் படத்துக்கு உகந்த நேரம் ரொம்பக் கொஞ்சம். உலை கொதிப்பது, மாவைக் கொட்டி மூடுவது இதிலெல்லாம் உடம்புக்கு வேலை இல்லை. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, பானை நகராமல் அழுத்திக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் தோள் வழியாக இறக்குகிறார் பாருங்கள், அதுதான் உங்கள் படம். தோள், முழங்கை, மணிக்கட்டு, துடுப்பு, பானையின் அடி என்று ஒரே சாய்கோடு ஓடும். கேன்வாஸில் முதலில் விழ வேண்டியது அந்தக் கோடு. முகத்தை முடித்துவிட்டு அதற்கு உடம்பை மாட்டப் பார்த்தால், துடுப்பைப் பிடித்தபடி போஸ் கொடுக்கிற அம்மாதான் கிடைப்பார். பார்வையும் பானைக்குள்ளேயே போகட்டும். நம்மைப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது அளவு. தலை இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்தால் சாயல் பிடிப்பது கஷ்டம். தரையில் உட்கார்ந்தவரின் உயரம் ஏறக்குறைய நான்கு தலை. தலைக்கு மூன்றரை அங்குலம் என்றால் உருவம் 14 அங்குலம். முன்னால் குனிந்திருப்பதால் 12, 13 ஆகக் குறையும். கேன்வாஸை நெட்டுக்குத்தாக வைத்தால் மேலே சுவருக்கும் கீழே தரைக்குமாகப் பதினொன்று, பன்னிரண்டு அங்குலம் மிஞ்சும். அது போதும். கை சின்னதாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: மோவாயில் இருந்து முன்நெற்றி முடி வரை எவ்வளவோ, விரல் நுனி வரை கையும் அவ்வளவு. புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் கையைச் சிறுக்க வைத்துவிடுகிறார்கள். உழைக்கிற கை சிறுத்தால் படமே பொய்யாகிவிடும்.

நின்றுகொண்டு வரையாதீர்கள். மேலே இருந்து பார்த்தால் வகிடும் உச்சந்தலையும் தெரியும், முகம் ஒடுங்கிப் போகும். ஒரு மணைப்பலகை போட்டு நீங்களும் தரையோடு உட்காருங்கள்.

வெளிச்சம் ஒரே வாசலில் இருந்து வரட்டும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்க வெளிச்சம் விழுந்தால் மூக்குக்கு இரண்டு நிழல் வரும், கன்னம் தட்டையாகிவிடும். வாசல் வடக்குப் பார்த்தது என்றால் பெரும்பாலான மாதங்களில் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். கிழக்கு வாசல் என்றால் காலையில் கொஞ்ச நேரந்தான் வெயில் பட்டை உள்ளே வரும், அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் நகரும். முதல் நாளே அதன் ஓரத்தைக் கேன்வாஸில் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே நகர்ந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

இனி வண்ணம். வெள்ளைக் கேன்வாஸின் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புச் சாயத்தை, ஆயில் கலரைக் கரைக்கும் டர்பன்டைனில் நன்றாக நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். அந்தச் செம்மண் நிறத்தின் மேல் சார்கோல் கரிக்குச்சியில் வரைந்து, தூளைத் தட்டிவிட்டு, நீர்த்த அம்பர் என்ற அடர்பழுப்புச் சாயத்தால் கோட்டை உறுதிப்படுத்துங்கள். முதலில் இருட்டு: கரி படிந்த சுவர், பானையின் உட்புறம், முந்தானையின் மடிப்புப் பள்ளம். கரிச்சுவர்தானே என்று கறுப்பு டியூபைப் பிதுக்க வேண்டாம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் வரும், ஆனால் உள்ளே ஆழம் இருக்கும். இருட்டை மெல்லிசாகப் பூசுங்கள். வெளிச்சம் படும் இடத்துக்குத்தான் சாயம் கனமாக வேண்டும். இரண்டாவது சுற்றில் உடல் நிறம், சேலை. மூன்றாவதில் முகமும் கையும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நான்கைந்து நாள் விடுங்கள்.

ஆவியைக் கடைசியில், அடியில் உள்ள சாயம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தொட வேண்டும். காய்ந்த பிரஷில் துளி வெள்ளை எடுத்து, துணியில் துடைத்துவிட்டு மிச்சம் ஒட்டியிருப்பதை மட்டும் தேயுங்கள். ஆவி கண்ணுக்குத் தெரிவது இருண்ட சுவருக்கு எதிரில்தான். வாசல் வெளிச்சத்துக்கு எதிரில் அது மறைந்துவிடும். விறகுப் புகை அப்படி இல்லை. இருட்டுக்கு எதிரில் நீலம் பாய்ந்தும், வெளிச்சத்துக்கு எதிரில் பழுப்பாகவும் தெரியும். இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசினால் பஞ்சு ஒட்டியது போல இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எரிகிற அடுப்பின் பக்கத்தில் டர்பன்டைன் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சுமார் 35 டிகிரி சூட்டிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பங்குனி, சித்திரையில் நம் வீடுகளுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும். அடுப்படியில் பென்சில் ஸ்கெட்ச் மட்டும் போடுங்கள், சாயம் வேறு அறையில். லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்வதும் உண்டு. தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அல்லது கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

அக்கா அம்மியில் அரைப்பதைச் செல்போனில் எடுத்து அதைப் பார்த்து வரைந்தேன். கை பூதாகரமாகவும் தலை சிறியதாகவும் வந்துவிட்டது. அளவெடுத்துத்தான் வரைந்தேன்.
– வாசகி, காவேரிப்பட்டினம்

அளவு சரி, படம் எடுத்த தூரம் தப்பு. கை உங்களிடம் இருந்து 80 சென்டிமீட்டரிலும் முகம் 120 சென்டிமீட்டரிலும் இருந்தால், படத்தில் கை ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். கை இரண்டரை மீட்டர் தூரத்தில் இருக்கும்படி பின்னால் போய் நின்றால், அது சுமார் ஆறில் ஒரு பங்குதான் பெரிதாக விழும். கண்ணால் பார்க்கும்போது மூளை இதைத் திருத்திக்கொள்கிறது, லென்ஸ் திருத்தாது. அறை சின்னது என்றால் வாசலுக்கு வெளியே நின்று 2x வைத்து எடுங்கள். 0.5 என்ற அகல லென்ஸ் பக்கமே போகாதீர்கள்.

ஃபிளாஷ் வேண்டாம், பியூட்டி மோடு வேண்டவே வேண்டாம்; சுருக்கத்தை அழித்துவிட்டால் பிறகு எதை வரைவது? ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுங்கள், ஒன்று முகத்தைத் தொட்டு, இன்னொன்று வாசலைத் தொட்டு. முதல் படத்தில் நிழலுக்குள் இருப்பது தெரியும், இரண்டாவதில் வெளிச்சத்தின் நிறம் தெரியும். ஒரே படத்தை நம்பினால் வாசல் வெளுத்துப் போகும், இல்லை அறை கரியாகிவிடும்.

பாட்டியின் கறுத்த நிறம் எவ்வளவு முயன்றாலும் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. வெளுப்பாக்க வெள்ளையும் கறுப்பாக்கக் கறுப்பும் சேர்க்கிறேன். என்ன தப்பு?
– வாசகர், அரூர்

தப்பு என்னவென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெள்ளைச் சாயம் கலவையின் நிறத்தை வெளுக்க வைப்பதோடு குளிரவும் வைக்கும். தோல் மேல் திருநீறு பூசியது போலாகும். கறுப்போடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை அடிக்கும். அந்தப் பச்சையைச் சரிக்கட்டச் சிவப்பு, அதைச் சரிக்கட்ட இன்னொன்று என்று போனால் கடைசியில் ஏரி வண்டல்தான். ஒரு கலவையில் மூன்று சாயத்துக்கு மேல் போகாதீர்கள். பிரஷ் கழுவும் டர்பன்டைன் கலங்கியதும் மாற்றுங்கள்.

நடு நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) ஒரு பங்கு, அல்ட்ராமரின் அரைப் பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். நிழலுக்கு பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின், துளி கிரிம்சன் (அடர்சிவப்பு). இதில் வெள்ளையே கூடாது. வெளிச்சம் படும் இடத்துக்கு ஆக்கரும் கொஞ்சம் காட்மியம் சிவப்பும், கடைசியில்தான் துளி வெள்ளை. கலந்ததை நேரே கேன்வாஸில் வைக்காமல் கத்தி நுனியில் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாட்டியின் கன்னத்துக்கு நேராகத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பேலட்டில் சரியாகத் தெரிந்தது பெரும்பாலும் ரொம்ப வெளுப்பாக இருக்கும்.

கறுத்த தோலின் அழகே மினுமினுப்பில் இருக்கிறது. சிவந்த தோலில் வெளிச்சம் மெதுவாகப் பரவும். கறுத்த தோலில் நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கழுத்தெலும்பு என்று சின்னச் சின்ன இடங்களில் பளிச்சென்று நிற்கும். வாசல் வழியாக வருவது வானத்து வெளிச்சம் என்றால் அந்தப் பளிச்சு நீலம் கலந்த வெள்ளை. நிழல் பக்கம் தாடையைப் பாருங்கள்: சேலை சிவப்பு என்றால் அங்கே சிவப்பு ஏறியிருக்கும், காவித் தரை என்றால் மோவாய்க்கு அடியில் செம்மை தெரியும். உள்ளங்கை புறங்கையை விட வெளுத்து இளஞ்சிவப்பாக இருக்கும். இதை விட்டுவிட்டால் கைக்கு உறை போட்டது போலிருக்கும். காலண்டர் படங்கள் எல்லோரையும் வெளுப்பாக்கி நம் கண்ணைக் கெடுத்துவிட்டன. கும்பகோணம் பக்கம் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜா (1979–2021) வரைந்த கிராமத்துப் பெண்களைத் தேடிப் பாருங்கள். கறுப்பு நிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று தெரியும்.

அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூடச் சும்மா உட்கார நேரமில்லை. எப்படி வரைய?
– வாசகி, பென்னாகரம்

உட்கார வைக்காதீர்கள். வீட்டு வேலை எல்லாமே திரும்பத் திரும்ப வருவதுதான். பூக் கட்டும்போது கை சில விநாடிக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஒரு தாளில் ஐந்தாறு ஸ்கெட்சைச் சேர்ந்தாற்போல் தொடங்கிவிடுங்கள். கை எந்த நிலைக்கு வருகிறதோ அந்த ஸ்கெட்சில் நாலு கோடு, மாறினால் அடுத்ததில். இருபது நிமிடத்தில் குறைந்தது இரண்டு தேறிவிடும். முகத்துக்கு மட்டும் சாயங்காலம், அவர் கீரை ஆயும்போதோ புளி கொட்டை எடுக்கும்போதோ கேளுங்கள். தலை அதிகம் ஆடாத வேலைகள் அவை.

சமையல்கட்டு முழுவதையும் வரைந்தேன்: அலமாரி, தூக்கு, டப்பா, காலண்டர், கேஸ் சிலிண்டர், மிக்ஸி. எல்லாம் தத்ரூபமாக வந்தும் அம்மா எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.
– வாசகர், பர்கூர்

தத்ரூபமாக வந்ததுதான் கோளாறு. டச்சு ஓவியர் வெர்மீர் 1660 வாக்கில் பால் ஊற்றும் வேலைக்காரப் பெண்ணை வரைந்தார். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கும் அந்தப் படம் 45.5 × 41 சென்டிமீட்டர்தான், முதல் கேள்வியில் வந்த 18 × 24 அங்குல கேன்வாஸை விடச் சின்னது. 2022ல் அதை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அவள் தலைக்குப் பின்னால் முதலில் ஜாடிகள் தொங்கும் சட்டம் ஒன்றும், கீழே நெருப்புக் கூடை ஒன்றும் போடத் தொடங்கி, பிறகு அவரே மூடிவிட்டது தெரிந்தது. இன்று அவள் பின்னால் இருப்பது வெறும் சுவர். அதில் ஒரு ஆணி, ஆணியின் நிழல், பெயர்ந்த ஓட்டைகள். சாமான் இல்லாமலே அது ஆள் வாழ்கிற வீட்டுச் சுவர் என்று தெரிகிறது.

உங்கள் படத்தில் அம்மா கை படுகிற பொருள்களை மட்டும் தெளிவாக விடுங்கள். மற்றதன் மேல் சுவர் நிறத்தையே கொஞ்சம் நீர்க்கக் கலந்து ஒரு பூச்சு பூசுங்கள். ஓரங்கள் மங்கி, பொருள்கள் பின்னால் போகும். காலண்டரை எடுத்தே விடுங்கள். எழுத்து இருந்தால் கண் முதலில் அங்கேதான் ஓடும். சிலிண்டர் இருக்கட்டும், ஆனால் பாதி இருட்டில். மிக்ஸி உங்கள் இஷ்டம். அது இல்லாத வீடு ஏது?

எவர்சில்வர் குண்டானுக்குச் சில்வர் பெயின்ட் அடித்தேன், தகரம் மாதிரி இருக்கிறது. குண்டான் கவிழ்வது போலவும் தெரிகிறது.
– பள்ளி மாணவர், கிருஷ்ணகிரி

எவர்சில்வருக்குச் சொந்த நிறம் கிடையாது தம்பி. எதிரில் இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். குண்டானில் பச்சைச் சேலை தெரிந்தால் பச்சை, தரை தெரிந்தால் சிவப்பு, வாசல் தெரிந்தால் வெள்ளைக் கோடு. பளபளப்பு வர வேண்டுமானால் மிக வெளுத்ததையும் மிகக் கறுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் தேய்க்காமல் வை. பித்தளைக்கு நிழலில் ரா அம்பரும் ஆக்கரும் கலந்த பச்சைப் பழுப்பு, நடுவில் ஆக்கர், உச்சியில் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும். தங்கப் பெயின்ட் வேண்டாம்.

கவிழ்வதற்குக் காரணம் வாய் வட்டம். நம் கண் மட்டத்துக்கு நேராக இருக்கும் பாத்திரத்தின் வாய் கோடாகத் தெரியும். கீழே போகப் போக விரியும். அதனால் ஒரே குண்டானில் வாயை விட அடிப்பக்க வளைவு இன்னும் கொஞ்சம் உருண்டையாக இருக்க வேண்டும். அடியை நேர்க்கோடாகப் போட்டிருப்பாய். இரண்டு ஓரத்திலும் வட்டம் கூர்மையாக முடியவும் கூடாது. அங்கேயும் அது வளைந்துதான் திரும்பும். குண்டானுக்கு நடுவே நேர்க்குத்தாக ஒரு கோடு போட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார். எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

படத்தின் கறுப்புப் பகுதி மூன்று வாரமாகியும் ஒட்டுகிறது. போன வருடம் வரைந்ததில் நெற்றியில் வெடிப்பு விட்டிருக்கிறது. எங்கள் ஊர்க் குளிர்தான் காரணமா?
– வாசகி, ஓசூர்

குளிரும் மழை ஈரமும் கொஞ்சம் தாமதப்படுத்தும். முக்கியக் காரணம் சாயத்தில் இருக்கிறது. ஐவரி பிளாக் என்ற கறுப்பும் கிரிம்சனும் இயல்பாகவே மெதுவாகக் காய்பவை. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். இருட்டை அம்பரில் கலக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெடிப்பு வேறு கதை. லின்சீட் எண்ணெய் தண்ணீர் போல வற்றிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. அடிப்பூச்சில் எண்ணெய் அதிகமாகவும் மேல் பூச்சில் குறைவாகவும் இருந்தால், மேலே முதலில் இறுகிவிடும், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும். மேல் தோல் கிழியும். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், இரண்டாவதற்கு டர்பன்டைன் இரண்டு பங்கு எண்ணெய் ஒரு பங்கு, கடைசிக்குச் சரிபாதி என்று ஏற்றிக்கொண்டே போங்கள். சிலர் லின்சீட் தீர்ந்ததும் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுகிறார்கள். அது வருடக் கணக்கானாலும் இறுகாது. மண்ணெண்ணெயைப் பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கழுவிய பிறகு சோப்பும் போடுங்கள்.

ஒட்டுகிற படத்தை வெயிலில் வைக்க வேண்டாம். காற்றோட்டமான, வெளிச்சமான அறையில் சுவரில் சாய்த்து வையுங்கள். பீரோவுக்குள் இருட்டில் வைத்தால் எண்ணெய் மஞ்சளடிக்கும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு.

காடாத் துணியில் நானே கேன்வாஸ் செய்கிறேன். நேரடியாக ஆயில் கலர் பூசலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

கூடாது. லின்சீட் எண்ணெய் நாளடைவில் பருத்தி இழையை இற்றுப்போக வைக்கும். சில வருடத்தில் விரலால் குத்தினால் கிழியும். கஞ்சியைத் துவைத்து எடுத்து, சட்டத்தில் நாலு பக்கமும் நடுவில் இருந்து மூலையை நோக்கி இழுத்து அடியுங்கள். அதன் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிச்சாயம் மூன்று பூச்சு. முதல் பூச்சில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் இழைக்குள் இறங்கும். ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். சட்டத்தின் உள் ஓரத்தை ஆசாரியிடம் சொல்லிச் சரிவாகச் சீவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மரத்தின் விளிம்பு நாளாவட்டத்தில் படத்தைச் சுற்றிக் கோடாக எழும்பிவிடும்.

திண்ணையில் அம்மாவும் கைக்குழந்தையும், தெருவில் சந்தையில் இருந்து திரும்பும் அப்பா. மூன்று பேரையும் ஒரே படத்தில் எப்படி அடைப்பது?
– வாசகர், ஊத்தங்கரை

அப்பாவை வெளியே விட்டுவிடுங்கள். ரவி வர்மா 1893ல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ படத்தில் அப்பாவே இல்லை. தாய் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கிறாள், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, காலடியில் நாய். மாதிரியாக நின்றது ரவி வர்மாவின் சொந்த மகள். வருகிறவரை அந்தத் திரும்பிய முகத்தில்தான் நாம் பார்க்கிறோம். உங்கள் படத்திலும் அம்மா எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கூடுதலாக இடம் விடுங்கள். அப்பாவைக் காட்டியே தீர வேண்டும் என்றால், திண்ணைத் தரையில் விழும் நீள நிழலாக மட்டும் காட்டுங்கள்.

மறைந்த பாட்டியின் ஸ்டுடியோ போட்டோ, கறுப்பு வெள்ளை, ஒன்றுதான் இருக்கிறது. அவர் ஆட்டாங்கல்லில் மாவாட்டுவது போல வரைய முடியுமா?
– வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

முடியும், முகத்தை அப்படியே காப்பி எடுக்காத வரை. ஸ்டுடியோவில் விளக்கு முன்னால் இருந்து விழுந்திருக்கும். உங்கள் திண்ணையில் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். அப்படியே ஒட்டினால் தலை மட்டும் வேறு வீட்டில் இருக்கும். பாட்டியின் சாயலில் உள்ள ஒருவரை, அம்மாவோ அத்தையோ, ஆட்டாங்கல் முன் உட்கார வைத்து நிழல் எங்கே விழுகிறது என்று ஸ்கெட்ச் எடுங்கள். போட்டோவில் இருந்து எலும்பின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கண்களுக்கு நடுவே உள்ள தூரம், மூக்கின் நீளம், மேலுதட்டின் கோடு, காது மடல். குனிந்த தலையில் நெற்றி நீண்டு தெரியும், மோவாய் சுருங்கும், காது கண்ணை விட மேலே ஏறும். நிறத்தைப் பாட்டியைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். அரைக்கும் கையில் வளையல் முழங்கைப் பக்கம் ஏறியிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.